குளத்துத் தண்ணீர் எங்கே போனது? – ஒரு வாளிச் சோதனையும் விளக்கக் கட்டுரையும்

விளக்கக் கட்டுரைக்கு என்ன தலைப்பு கொடுப்பது என்று ஒவ்வொரு தவணையும் தலையைச் சொறிகிறோம். நூலகத்தின் பயன், மறுசுழற்சியின் நன்மை என்று கொடுத்தால் மனப்பாடம் செய்ததை மாணவர்கள் அப்படியே இறக்கி வைத்துவிடுவார்கள். இந்த முறை படிவம் 4 வகுப்புக்கு நான் கொண்டுபோனது ஒரு வீட்டு நீச்சல் குளத்தின் கதை. தமிழ் வகுப்பில் நீச்சல் குளமா என்று சிரிக்காதீர்கள். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தாசேக் கெலுகோரில் என் மாமா ஒருவர், வேலை ஓய்வுக்குப் பிறகு சேமநிதிப் பணத்தைப் போட்டு வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றினார். குளம் இருந்தால்தான் இப்போது ஆள் வருகிறார்கள் என்பதால், பின்பக்கம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு குளம். தைப்பூசம் முடிந்த பிறகு வந்த தண்ணி பில்லைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். மாதம் 30 கன மீட்டரைச் சுற்றியே இருந்த கணக்கு 49-ஐத் தொட்டிருந்தது. அடுத்த மாதமும் அதே கதி.

குளத்தைச் சுத்தம் செய்ய வரும் ஓர் அண்ணன், பைப்பை மூடாமல் விட்டுவிட்டுப் போகிறார் என்று மாமாவுக்குச் சந்தேகம். அவரை வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். வந்து பார்த்த குத்தகைக்காரர் ஒருவரோ, “அடியில வெடிப்பு இருக்கும், தண்ணிய முழுசா இறைச்சிட்டு ஓட்டைப் பேர்த்துதான் பார்க்கணும்” என்று எட்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி கேட்டார். பள்ளி விடுமுறைக்கு முன்பதிவு நிறைந்திருந்த நேரம். மாமா எனக்கு அழைத்தார். “என்னம்மா, டீச்சருதானே நீ, கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லேன்.”

எனக்குக் குளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். குளத்து நீர்மட்டம் இறங்கினாலே கசிவு என்று முடிவு கட்டக்கூடாது என்பது முதலில் பிடிபட்டது. நம் நாட்டு வெயிலுக்குத் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகவே போய்விடும். காற்று அடிக்கும் வறட்சி மாதங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். மாமாவின் குளத்துப் பரப்பு 32 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் என்பது 32 லிட்டர். ஆக 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர், ஒரு பெரிய தோம்பு நிறையத் தண்ணீர், தினமும் வானத்துக்குப் போகிறது. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது விஷயம், மாமாவின் குளத்தில் நீர்மட்டம் இறங்கவே இல்லை! கழிவறைத் தொட்டியில் இருப்பது போன்ற மிதவை வால்வு ஒன்று, குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருந்தது. வசதிதான். ஆனால் கசிவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதும் அதுவேதான். இப்படிப்பட்ட வீட்டில் குளம் வாய் திறக்காது, பில்தான் பேசும். பில்லில் வெள்ளியைப் பார்க்காமல் கன மீட்டரைப் பாருங்கள்; கட்டணம் மாறினாலும் அளவு பொய் சொல்லாது.

மிதவை வால்வின் குழாயை முதலில் மூடினோம். பிறகு வாளிச் சோதனை. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டு, குளத்தின் படிக்கட்டில், வாளியின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். கவிழாமல் இருக்க உள்ளே ஒரு கல். வாளிக்கு உள்ளே இருக்கும் மட்டமும் வெளியே குளத்தின் மட்டமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்து, இரண்டுக்கும் நாடா ஒட்டி அடையாளம் வைக்க வேண்டும். 24 மணி நேரம் யாரும் குளிக்கக்கூடாது, மழையும் பெய்யக்கூடாது. வாளித் தண்ணீருக்கும் குளத்துத் தண்ணீருக்கும் அதே வெயில், அதே காற்று, அதே சூடு. ஆகவே வாளியில் குறைவது ஆவியானது மட்டும். குளத்தில் அதைவிட எவ்வளவு அதிகம் குறைகிறதோ, அதுதான் வேறு வழியில் போன தண்ணீர்.

முதல் நாள் காலை 7 மணிக்கு வைத்தோம். பம்ப் வழக்கம்போல 8 மணி நேரம் ஓடியது. மறுநாள் காலை என் பள்ளி அளவுகோலை வைத்து அளந்தால், வாளியில் 5 மில்லிமீட்டர், குளத்தில் 24. மாமா முகம் வெளுத்துவிட்டது. “அப்போ வெடிப்புதான்!” என்றார்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். குத்தகைக்காரரும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நின்றிருந்தார். வித்தியாசம் 19 மில்லிமீட்டர், அதாவது 608 லிட்டர், என்பது தண்ணீர் போகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எந்த வழியாகப் போகிறது என்று சொல்லவில்லை. அதற்கு இன்னொரு நாள் தேவை. இரண்டாம் நாள் பம்பை முழுக்க நிறுத்திவிட்டு அதே சோதனையைச் செய்தோம். வாளியில் 6, குளத்திலும் 6.

கவனியுங்கள். அடியில் வெடிப்பு இருந்தால் பம்ப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது கசிந்துகொண்டேதான் இருக்க வேண்டும். வெடிப்புக்கு ஓய்வு நாள் கிடையாது. பம்ப் நின்றால் இழப்பும் நிற்கிறது என்றால், பம்ப் அழுத்தித் தள்ளும் பாதையில்தான் எங்கோ ஓட்டை. குளத்தின் அடி, சுவர், விளக்குக் குழி எல்லாம் ஒரே நாளில் சந்தேகப் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டன. நான் சோதனையில் ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்திருந்தாலும் 32 லிட்டர்தான் பிசகும். 608-ஐ அது தொடாது.

மற்ற வீடுகளில் விடை வேறு மாதிரி வரலாம். இரண்டு நாளும் ஒரே அளவு குறைந்தால் குளத்தின் உடம்பில்தான் கோளாறு. மிதவையை மூடிவிட்டு இறங்க விட்டால், ஏதோ ஓர் உயரத்தில் இறக்கம் நின்றுவிடுவதும் உண்டு. அந்த உயரத்தில் இருக்கும் துவாரத்தை, விளக்கு ஓரத்தை, இலை இழுக்கும் வாயைத் தேட வேண்டும். அங்கே பம்பை நிறுத்திவிட்டு, சமையல் சாயத்தை ஊசிக்குழலில் எடுத்து மெதுவாக விட்டால், ஓட்டை இருக்கும் பக்கம் சாயம் நூல்போல இழுபடும். பம்ப் நின்றிருக்கும்போது அதிகம் குறைந்தால் உறிஞ்சும் பக்கத்துக் குழாயைச் சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட குழாயில் பம்ப் ஓடும்போது காற்று உள்ளே போவதால், தண்ணீர் திரும்பி வரும் வாயில் குமிழி குமிழியாக வரும். நிலத்தடிக் குழாய் என்றால் அழுத்தச் சோதனை செய்யும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அது நம் கைவேலை இல்லை.

குளத்தை முழுக்க இறைக்கும் யோசனைக்கு மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். தாசேக் என்றாலே மலாயில் ஏரி. இந்தப் பக்கம் தாழ்நிலமும் வயலும் அதிகம். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலிக் குளம் ஒரு படகு மாதிரி. கீழிருந்து வரும் நீரழுத்தம் அதைத் தூக்கி, உண்மையிலேயே வெடிக்க வைத்துவிடும். இல்லாத வெடிப்பைத் தேடப் போய் வெடிப்பை உண்டாக்கிய கதையாகிவிடும்.

சரி, பம்ப் அறைக்குப் போனோம். தரை காய்ந்து கிடந்தது, எங்கும் ஈரமில்லை. மணல் வடிகட்டியின் தலையில் கைப்பிடியோடு ஒரு மல்டிபோர்ட் வால்வு. அந்தக் கைப்பிடியைத் திருப்பி, தண்ணீரை வடிகட்டிக்கு அனுப்பலாம், அல்லது அழுக்கை அலசிக் கழிவுக் குழாய் வழியாக வெளியே தள்ளலாம். பாதைகளைப் பிரித்து வைப்பது உள்ளே இருக்கும் சிலந்திவலை மாதிரியான ஒரு ரப்பர் கேஸ்கெட். அது பிய்ந்தாலோ புரண்டாலோ, வடிகட்டும் நிலையில் இருக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் கழிவுக் குழாய்க்குள் நழுவிப் போகும். வால்வின் பக்கத்தில் அதைக் காட்டவே ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. மாமாவின் குப்பி பாசி படிந்து பச்சையாகக் கிடந்தது.

கழிவுக் குழாய் வீட்டுக்குப் பின்னால் லோங்காங்கில், புல்லுக்குள் முடிந்தது. பம்பைப் போடச் சொல்லிவிட்டுப் புல்லை விலக்கினால், சத்தமே இல்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை லிட்டர் பாட்டிலைப் பிடித்து நேரம் பார்த்தேன். நிரம்ப 70 விநாடி. 8 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 617 லிட்டர். வாளி சொன்னது 608. லோங்காங் ஓரத்தில் நின்று நான் சிரித்த சிரிப்பை அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! அந்த அறை குளத்து மட்டத்தைவிட உயரத்தில் இருந்ததால்தான் பம்ப் நின்றதும் தண்ணீரும் நின்றது. தாழ்வாக இருந்திருந்தால் இரவு முழுக்கவும் ஓடியிருக்கும், நானும் வெடிப்பு என்றே நம்பியிருப்பேன்.

தண்ணீர் வாரியங்களும் பெரிய அளவில் இதே முறையைத்தான் கையாள்கின்றன. ஊர் தூங்கும் பின்னிரவில் ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை அளப்பார்கள். யாரும் குளிக்காத, துவைக்காத நேரத்திலும் அதிகமாக ஓடினால் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கசிவு, திருட்டு, மீட்டர் கோளாறு என்று வருவாய் தராமலே போகிறது. பினாங்கில் நாம் குடிப்பதில் பெரும்பகுதி மூடா ஆற்றுத் தண்ணீர். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது, வாளியும் தோம்புமாக நாம் பட்ட பாடு மாணவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

வகுப்பில் விடையைச் சொல்லவில்லை. குளத்தின் அளவு, இரண்டு நாள் எண்கள், பம்ப் அறையின் படம், இவ்வளவுதான் கொடுத்தேன். ‘தண்ணீர் எங்கே போனது? படிப்படியாக விளக்குக’. முதல் வரைவில் பாதிப் பேர் “தண்ணி லீக் ஆவுது” என்றே எழுதினார்கள். திட்டவில்லை. கரும்பலகையில் ஐந்து வினைச்சொற்களை எழுதினேன். கூரை ஒழுகும், பைப் சொட்டும், சுவர் கசியும், மண் பொசியும், தொட்டி வழியும். இதில் மாமாவின் குளத்துக்கு எது பொருந்தும்? பெரிய வாக்குவாதம். கடைசியில் ஒரு பையன், “டீச்சர், இது எதுவுமே இல்ல, ஓடுது” என்றான். சரிதான். ஒரு தொழில்நுட்பச் செய்தியைப் புரிந்துகொண்ட பிறகுதான் சரியான சொல் வருகிறது என்பதை அன்று நானும் கற்றுக்கொண்டேன். ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘அப்படியென்றால்’ போன்ற இணைப்புச் சொற்களும் அலங்காரமாக இல்லாமல், தேவைப்பட்ட இடத்தில் வந்து விழுந்தன. கணக்கு வராத பிள்ளைகளைத் தோழர்களோடு சேர்த்து உட்கார வையுங்கள்; எனக்கு இரண்டு பாடவேளை போதவில்லை.

கேஸ்கெட் நூறு வெள்ளிக்குள் முடிந்தது. மாட்டியவர் யார் தெரியுமா? மாமா நிறுத்திய அதே அண்ணன்தான். வால்வைத் திறந்து பார்த்ததுமே, “பம்ப நிறுத்தாம கைப்பிடிய யாரோ திருப்பியிருக்காங்க, ஐயா” என்றார். தைப்பூசத்துக்கு அவர் ஒரு வாரம் லீவு எடுத்தபோது வடிகட்டியை அலசியது மாமாதான். மாமா ஒன்றும் பேசவில்லை. வராத வாரங்களுக்கும் சேர்த்துச் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். அத்தை தேநீர் கலக்கிக் கொண்டு வந்தார்.

இப்போது பம்ப் அறைச் சுவரில் மாமா கைப்பட எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது: ‘முதலில் பம்பை நிருத்தவும்’. போன வாரம் பார்த்தேன். சிவப்புப் பேனா பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.