விசுவாசம் இருந்தால் முகக்கவரி எதற்கு?

2019 மார்ச் 7. பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நெடி முதலில் எட்டியது அருகிலிருந்த பள்ளிக்கூடங்களைத்தான். மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம். 11-ஆம் தேதி இரண்டாவது அலை. 13-ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட உத்தரவு வந்தது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் 2,700-க்கும் அதிகம். ஜூனில் மாணவர்கள் மறுபடியும் பாதிக்கப்பட, 400-க்கும் மேற்பட்ட கல்விக்கூடங்கள் சில நாள்கள் மூடப்பட்டன.

இப்படிப்பட்ட நேரத்தில் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்ற குரல் எல்லா வீடுகளிலும் கேட்கும். எந்த மதமானாலும் சரி. ஆனால், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றால் முகக்கவரி எதற்கு, பிள்ளையை வீட்டில் நிறுத்துவது எதற்கு? கிறிஸ்துவ மரபுக்கு இது பழைய கேள்வி.

தமிழ்க் கிறிஸ்துவ வீடுகளில் ஆபத்துக் காலத்தில் விரும்பி வாசிக்கப்படுவது சங்கீதம் 91. கொள்ளை நோயிலிருந்தும் காப்பாற்றுகிற கடவுளைப் பற்றியது. மத்தேயு நற்செய்தியில் அதே சங்கீதத்தைச் சொல்லித்தான் சாத்தான் இயேசுவை ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறான். தூதர்கள் தாங்கிக்கொள்வார்களாம்! இயேசு மறுத்துவிடுகிறார், அது கடவுளைச் சோதித்துப் பார்ப்பது என்கிறார். வேதத்தை மேற்கோள் காட்டினாலே அது விசுவாசம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

1527-இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில் கொள்ளை நோய் பரவியபோது, அங்கிருந்த பல்கலைக்கழகமே வேறு ஊருக்கு மாறியது. மார்ட்டின் லூதர் போகவில்லை. கர்ப்பிணி மனைவியோடு தங்கி, வீட்டிலேயே நோயாளிகளைக் கவனித்தார். ஓடலாமா, கூடாதா என்று கேட்ட போதகர்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அவர் யாரையும் வீரம் காட்டச் சொல்லவில்லை. மருந்து வேண்டாம் என்று விசுவாசத்தின் பெயரில் மறுப்பவர்களைக் கண்டிக்கிறார். தேவையில்லாத இடத்துக்குப் போகாதீர்கள், வீட்டுக்குப் புகை போடுங்கள் என்கிறார். போதகர், அதிகாரி போன்ற பொறுப்பில் உள்ளவர்கள்தாம் தங்க வேண்டும். மற்றவர்கள் போகலாம், ஆனால் விட்டுப்போகும் அண்டைவீட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும்.

அதற்காக எச்சரிக்கை மட்டும் போதும் என்றும் அந்த மரபு சொல்வதில்லை. எஜமான் தந்த பணத்தைப் பயந்துபோய் மண்ணில் புதைத்து வைத்த வேலைக்காரனுக்கு, இயேசு சொன்ன உவமையில் திட்டுதான் கிடைக்கிறது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு, எது பிழைப்புக்குப் பாதுகாப்போ அதை மட்டும் தேடும் நம் வயதுக்காரர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது கொஞ்சம் உறைக்கும். கிம் கிம் ஆற்றில் கழிவை அகற்ற இறங்கிய தீயணைப்பு மீட்புப் படையினரும் ஆபத்தை நோக்கித்தான் நடந்தார்கள், ஆனால் பாதுகாப்புக் கவச உடையோடு. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

பாசிர் கூடாங்கில் எல்லாராலும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக முடியாது. அப்பாவின் சம்பளமே அந்தத் தொழிற்பேட்டையிலிருந்துதான் வருகிறது. அதனால் இங்கே லூதரின் கடைசி நிபந்தனைதான் கனமாக இருக்கிறது: அடுத்த முறை நெடி அடித்தால், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஆஸ்துமா பாட்டியை யார் காரில் ஏற்றுவது?