உரத்துக்கு உள்ள பணத்தைப் பயிர்களுக்குப் பங்கிடுவது எப்படி?

உரம் வாங்கக் கையில் உள்ள பணம் ஓர் அளவுதான். அதை எந்தப் பயிருக்கு எவ்வளவு செலவிட்டால் மொத்த வருமானம் கூடும் என்பது சிறு விவசாயிகள் பருவந்தோறும் சந்திக்கும் கேள்வி. பலரும் எல்லா வயலுக்கும் சமமாகப் பிரித்து இடுகின்றனர். இது எப்போதும் ஆதாயமாக இருப்பதில்லை.

உரத்தை இரட்டித்தால் மகசூல் இரட்டிப்பதில்லை. முதல் மூட்டை தரும் கூடுதல் விளைச்சலை இரண்டாவது மூட்டை தராது; மூன்றாவது அதைவிடக் குறைவாகவே தரும். இந்தக் குறைவை ஜெர்மன் விஞ்ஞானி மிட்செர்லிக் 1909-இல் கணக்கு வடிவில் எழுதினார்.

உதாரணமாக, ஒரு விவசாயியிடம் ஒரு ஏக்கர் நெல், ஒரு ஏக்கர் மக்காச்சோளம், உரத்துக்கு ரூ.4,000 இருப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வோர் ஆயிரம் ரூபாய் உரத்துக்கும் அடுத்தடுத்துக் கிடைக்கும் கூடுதல் வருமானம் (கணக்குக்காக மட்டும்):

நெல்: ரூ.3,000, 2,400, 1,900, 1,200
மக்காச்சோளம்: ரூ.2,200, 1,400, 1,000, 700

முழுவதையும் நெல்லுக்கே இட்டால் ரூ.8,500 கிடைக்கும். சரிபாதியாகப் பிரித்தால் ரூ.9,000. நெல்லுக்கு மூவாயிரமும் மக்காச்சோளத்துக்கு ஆயிரமும் என்றால் ரூ.9,500. செலவு ஒன்றே, பங்கீட்டினால் மட்டும் ரூ.500 கூடுகிறது.

விதி எளிது. ஒவ்வோர் ஆயிரத்தையும் அந்த நேரத்தில் அதிகம் தரும் பயிருக்கே இட வேண்டும். கடைசி ரூபாய் எல்லாப் பயிரிலும் ஏறக்குறைய ஒரே வருமானம் தரும் இடமே சரியான பங்கீடு. இதன் கணித முறையை 18-ஆம் நூற்றாண்டில் லக்ராஞ்ச் வகுத்தார். ஒரு பயிரின் முதல் ரூபாயே மற்றதன் கடைசி ரூபாயைவிடக் குறைவாகத் தந்தால், அதற்கு உரம் இடாமல் விடுவதே மேல். இத்தகைய நிலைமைகளுக்கும் பொருந்தும் விதிகளை 1951-இல் கூன், டக்கர் என்ற அறிஞர்கள் வெளியிட்டனர்.

கடன் வாங்கி உரமிடலாமா என்பதற்கும் இதில் விடை உண்டு. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் 5 மாதத்துக்கு ஆயிரம் வாங்கினால் திருப்பித் தர வேண்டியது ரூ.1,100. ஐந்தாவது ஆயிரம் மக்காச்சோளத்தில் ரூ.1,400 தரும், ஆறாவது ஆயிரம் நெல்லில் ரூ.1,200 தரும். இரண்டும் லாபமே. ஏழாவது ஆயிரம் ரூ.1,000 மட்டுமே தருவதால் அது நஷ்டம். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. மணிச்சத்துக் குறைவான நிலத்தில் யூரியாவை மட்டும் கூட்டினால் முழுப் பலன் கிடைக்காது. ஆகவே மண் பரிசோதனை செய்த பின்பே கணக்கிட வேண்டும். மகசூல் இலக்குக்கேற்ப உர அளவைக் கணக்கிடும் சமன்பாடுகளைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்கு வகுத்துள்ளது.

சொந்த நிலத்தின் கணக்கை அறிய, வயலில் ஒவ்வொரு சென்ட் அளவில் மூன்று பாத்திகள் ஒதுக்கி, உரமின்றியும், பாதி அளவும், முழு அளவும் இட்டுத் தனித்தனியே அறுவடை செய்து எடை போட்டுக் குறித்து வைக்கலாம். அடுத்த பருவத்தில் பணத்தைப் பங்கிட அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.