உங்களுக்குத் தெரியுமா? வால் போச்சு, கால் வந்தது!

ஒரு தவளை இனத்தின் தலைப்பிரட்டைகளுக்கு வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். வெட்டிய இடத்தில் வாலுக்குப் பதில் கால்கள் முளைத்தன! புவனேஸ்வர் உத்கல் பல்கலைக்கழகத்தினர் கண்டது இது; 1992இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அந்தத் தவளை இனம் தமிழ்நாட்டிலும் உண்டு.

• திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரை வயல்களில் நண்டு பிடித்தவர்களுக்குத் தெரியும்: காலைப் பிடித்தால், காலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடும். புதுக்கால் சிறு மொட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். ஓடு கழற்றும்போதுதான் விரியும். முதலில் சற்றுக் குட்டை.

• பல்லியின் புது வாலில் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். ஒப்புக்கு ஒரு வால்!

• நமக்கு? நகத்தின் வேர் தப்பினால், சிறு குழந்தைகளின் விரல்நுனி மீண்டும் வளர்வதுண்டு. அதற்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.