கரண்ட் வேலை படிக்கிற பிள்ளை இஞ்சினியர் ஆகலாமா?



கொழுந்து கூடுதலாக வரும் காலத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் ரோலர் மோட்டார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது அங்கே வேலை செய்யும் ஒரு அம்மா பக்கத்தில் வந்து கேட்டார்.

"ஐயா, எங்க மகன் ஏ.எல். எழுதினான். கேம்பஸ் கெடைக்கல. இப்ப டெக்னிக்கல்ல கரண்ட் வேலை படிக்கிறான். அதுல இருந்து மேல போயி இஞ்சினியரா வர முடியுங்களா? இல்ல, அத்தோட நின்னுடுமா?"

முடியும் அம்மா என்று சொன்னேன். ஆனால் எந்த ஏணி எந்தக் கூரையில் முட்டுகிறது என்று பார்த்து ஏறவேண்டும். அவருக்கு அன்றைக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் தவறிய இடம்

நான் கல்முனைப் பக்கத்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கரையில் தெருவுக்குத் தெரு வயரிங் தெரிந்த பொடியன்கள் இருப்பார்கள். கொஞ்சம் கை பழகியதும் மத்திய கிழக்குக்குப் போவார்கள். எனக்கு மட்டும் இஞ்சினியர் ஆசை. உயர்தரத்தில் பாஸ், ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே.

அப்போது ஒரு தனியார் நிலையத்தில் சொன்னார்கள்: "இங்க ரெண்டு வருஷம் படிங்க. டிகிரியில நேரே மூணாம் வருஷம் சேரலாம்." வாப்பா வயல் துண்டை ஈடு வைத்துக் காசு கட்டினார். இரண்டு வருடம் முடித்துச் சான்றிதழைக் கொண்டுபோனால், படித்த பாடங்களில் பெரும்பகுதியைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார்கள். கணிதம் போதாதாம். சொன்னவர்கள் எழுத்தில் எதுவும் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வாப்பா ஒரு சொல்லும் ஏசவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

பிறகு வேறு வழியில் ஏறி வந்து சேர்ந்தேன். உங்கள் பிள்ளைக்கு அந்த இரண்டு வருடமும் அந்தக் காசும் வீண்போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று பேர், மூன்று வேலை

முதலில் ஒரு விஷயம். மின்சாரத் துறையில் இருக்கிற எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் இல்லை.

ஸ்டோரில் 15 கிலோவாட் மோட்டார் ஒன்று நின்றுபோனால், எலக்ட்ரீஷியன் வந்து கொன்டாக்டரைப் பார்ப்பார், பியூஸைப் பார்ப்பார், கிளாம்ப் மீட்டர் போட்டு வயரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்ப்பார். 400 வோல்ட், மூன்று பேஸ் என்றால் முழுச் சுமையில் ஏறத்தாழ 28 அம்பியர் காட்டும். டிப்ளோமா படித்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், அந்த மோட்டாருக்கு எந்தக் கேபிள், எந்தப் பாதுகாப்பு பிரேக்கர் என்று கணக்குப் பார்த்துப் போடுவிப்பார், வேலையையும் மேற்பார்வை செய்வார். வாட்டும் தொட்டிக் காற்றாடி, ரோலர், உலர்த்தும் இயந்திரம் எல்லாம் ஒன்றாக ஓடினால் முழு ஸ்டோருக்கும் எவ்வளவு சுமை, எந்த அளவு டிரான்ஸ்போர்மர், பவர் பெக்டரை எப்படித் திருத்தினால் பில் குறையும் என்று முழுத் திட்டமும் வகுப்பவர் பொறியியலாளர்.

மூன்று பேரும் வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலை குறைந்த வேலை அல்ல. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் கை வேகம் மட்டும் காணாது. 28 அம்பியர் என்று மீட்டர் காட்டுவதைப் பார்ப்பவன் எலக்ட்ரீஷியன். ஏன் 28 என்று தாளில் போட்டுக் காட்டுபவன் பொறியியல் மாணவன். அந்தத் தாளுக்குள் சிக்கலெண், காவி, வகையீடு, தொகையீடு எல்லாம் வந்துவிடும். கணிதம்தான் நடுவில் நிற்கும் கேட்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று ஒன்று உண்டு. 1901இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய கல்லூரி இந்த வகையில் பழையது. குறைந்த கட்டணத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் படித்து, பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். மின் பொறியியலுக்குப் போகிற பிள்ளை அந்த இரண்டு வருடத்திலேயே உயர் கணிதம், பௌதிகம், மின்சுற்றுப் பாடங்களை முடித்துவிடவேண்டும். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று பல இடங்களில் இரண்டு பக்கமும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் பாடம் எடுத்தவர்கள் அங்கேயும் வருடத்தை இழக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பொலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளோமா முடித்தவர்கள் பி.இ. படிப்பில் நேரே இரண்டாம் வருடத்தில் சேர ஒரு வழி இருக்கிறது. அது ஒரு நிலையத்தின் வாய்ப்பேச்சு அல்ல, சட்டப்படி நடக்கும் அனுமதி.

நம் நாட்டில் இப்படி ஒரே ஒரு நேர்ப் பாதை இல்லை. மூன்று பாதைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில் போய் முடிவதில்லை.

முதல் பாதை: உயர்தரத்திலிருந்து நேராக

பேராதனை, மொறட்டுவை, ருகுணு, யாழ்ப்பாணம், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நான்கு வருடப் பொறியியல் பட்டம் இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமானது. ஒலுவிலில் பொறியியல் பீடம் அதற்குப் பல வருடம் கழித்துத்தான் வந்தது.

இவற்றுக்கு அனுமதி, உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகம், இரசாயனம் எடுத்து, இசட் புள்ளியின்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகக் கிடைப்பது. டெக்னிக்கல் சான்றிதழோடு ஒலுவில் வாசலில் போய் நின்று இரண்டாம் வருடத்தில் சேர்க்கச் சொன்னால் நடக்காது. இதைப் பெற்றோர் தெளிவாகத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இதில் நமக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் உண்டு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, அம்பாறை போன்றவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று கணிக்கப்பட்டு, அவற்றுக்கென 5 வீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மாவட்ட அடிப்படையில் 55 வீதமும், நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் 40 வீதமும் எடுக்கிறார்கள். அடுத்தது, பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை உயர்தரம் எழுதலாம். ஒரு தடவை தவறியதும் "போதும், கொழும்புக் கடைக்குப் போ" என்று அவசரப்பட வேண்டாம். கணக்கில் நெருங்கி வந்த பிள்ளை என்றால் இன்னொரு தடவை எழுதவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2013இல் பாடசாலைகளில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. அதில் 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று பாடம் இருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அது கொண்டுபோய்ச் சேர்ப்பது பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்தில். இணைந்த கணிதம் எடுத்தவர்கள் போகும் பொறியியல் பட்டம் வேறு. பேர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பாதை: டிப்ளோமாவிலிருந்து திறந்த பல்கலைக்கழகம்

நான் வந்தது இந்தப் பாதையில். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் பாஸ் இருக்கிறது, இசட் புள்ளி காணாது என்ற பிள்ளைக்கு இதுதான் பொருத்தம்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் நடத்தும் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா ஒன்று. எல்லோரும் என்.டி.டி. என்பார்கள். இரண்டு வருடம் படிப்பு, ஒரு வருடம் தொழிற்பயிற்சி. இப்போது ஹோமாகம தியகமவில் இருக்கிறது. மற்றது உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் நடக்கும் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா. மட்டக்குளியிலும் காலிப் பக்கம் லபுதுவவிலும் இருக்கிறது. இரண்டிலும் மின் துறை உண்டு.

இவற்றை முடித்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தரத்தில் வேலை தேடலாம். வேலை செய்துகொண்டே, 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டத்துக்குப் பதியலாம். டிப்ளோமாவில் ஏற்கெனவே படித்த பாடங்களுக்கு அங்கே விலக்குத் தருவார்கள். அதாவது அந்தப் பாடங்களைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை. ஊரில் கிடைக்காத அந்த மாற்றம் இங்கேதான் உண்மையாக நடக்கிறது.

கஷ்டமும் இருக்கிறது. கட்டணம் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில். ஆய்வுகூட வேலைக்கு நாவலைக்குப் போகவேண்டி வரும். நான் கல்முனையிலிருந்து இரவு பஸ் பிடித்து விடிய இறங்கி, நேரே லெப்புக்குப் போயிருக்கிறேன். வேலையும் படிப்பும் சேர்ந்ததால் இழுபட்டது. ஆனால் அந்த வருடங்களில் கையில் சம்பளம் வந்தது. வாப்பா ஈடு வைத்த வயலை நானே மீட்டேன்.

மூன்றாம் பாதை: கைவேலையிலிருந்து படிப்படியாக

அந்த அம்மாவின் மகன் இப்போது நிற்பது இந்தப் பாதையில். தேசிய தொழிற் தகைமை, என்.வி.கியூ. என்று சொல்வார்கள். 1 முதல் 7 வரை படிகள். 2 முதல் 4 வரை கைவினைச் சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டம்.

அக்கரைப்பற்று, சம்மாந்துறை போன்ற இடங்களிலுள்ள அரச தொழில்நுட்பக் கல்லூரிகளில் தமிழில் படிக்க முடிவது மலையகப் பிள்ளைகளுக்கும் ஒரு வசதி. எந்த வருடம் எந்தக் கோர்ஸ் நடக்கிறது, எந்தப் படிவரை இருக்கிறது, தங்குமிடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுப் போங்கள். உங்கள் மாவட்டத்திலேயே கிடைத்தால் அதுவே நல்லது.

5, 6ஆம் படி முடித்தவர்கள் இரத்மலானையில் உள்ள, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். யுனிவொடெக் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே மெக்கட்ரோனிக்ஸ் போன்ற துறைகளில் தொழில்நுட்பப் பட்டம் பெறலாம். உயர்தரம் சரிவராத பிள்ளையும் பட்டதாரியாக வரக்கூடிய வழி இது. மதிப்பானது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். தொழில்நுட்பப் பட்டமும் நான்கு வருடப் பொறியியல் பட்டமும் ஒன்றல்ல. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவை ஒன்று உண்டாக்கப்பட்டது. பட்டயப் பொறியியலாளர், டிப்ளோமா பெற்றவர், தொழில்நுட்பவியலாளர் என்று வெவ்வேறு வகையாகத்தான் அங்கே பதிகிறார்கள். 'இஞ்சினியர்' என்ற சொல் எந்த வகையைக் குறிக்கிறது என்று சேருவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும். படித்து முடித்த பிறகு தெரியவந்தால் மனம் உடைந்துவிடும்.

காசு கட்டுமுன் கேட்கவேண்டியவை

1. இந்தச் சான்றிதழ் என்.வி.கியூ.வில் எத்தனையாம் படி? நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா?

2. இதை முடித்தால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம், எத்தனையாம் வருடம்? எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்கு? இதை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பல்கலைக்கழகத்திடமும் நேரே கேளுங்கள்.

3. சிலபஸில் கணிதம் எவ்வளவு? சும்மா கூட்டல் கழித்தலோடு நிற்கிறதா, தொகையீடு வரை போகிறதா?

4. தனியார் பட்டம் என்றால், மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரித்ததா? இந்த நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் அது அங்கீகரித்த நான்கு வருடப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு.

5. படிப்பு எந்த மொழியில்?

கடைசியாக ஒரு வார்த்தை

இப்போது எந்தப் படியில் நின்றாலும் பிள்ளை இரண்டைக் கைவிடக் கூடாது. ஒன்று கணிதம். கரண்ட் வேலை படிக்கப் போனதும் உயர்தரக் கணக்குக் கொப்பியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். போடவேண்டாம். கிழமைக்கு நாலு மணித்தியாலமாவது எடுத்துச் செய்யட்டும். மற்றது ஆங்கிலம். பொறியியல் புத்தகம் வாசித்து விளங்கும் அளவுக்காவது வேண்டும்.

பெற்றோரே, "எப்ப முடிப்பே, எப்ப உழைப்பே" என்று கேட்பது உங்கள் பிழை இல்லை. நாள் பேருக்கு உழைக்கிற வீட்டில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் பாதைகளில் ஒவ்வொரு படியிலும் இறங்கி நின்று உழைக்கலாம், பிறகு திரும்பவும் ஏறலாம். அதுதான் ஏழை வீட்டுக்கு இதில் உள்ள நன்மை.

அந்த அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். "மகன் ஏ.எல்.ல என்ன பாடம் எடுத்தார்?" "கணக்குங்க ஐயா, மூணும் பாஸ்" என்றார். அப்படியானால் அவனுக்கு இரண்டாம் பாதை திறந்தே இருக்கிறது, அடுத்த தடவை என்.டி.டி. விண்ணப்பம் கோரும்போது தவறவிடாமல் போடச் சொல்லுங்கள் என்றேன். அதுவரை கரண்ட் வேலையையும் விடவேண்டாம் என்றேன். மோட்டாரைக் கையால் தொட்டவனுக்குக் கணக்கு இன்னும் நன்றாக விளங்கும்.