பரிசலில் செல்வோரும் ஆற்று உயிர்களும்

கடற்கரை ஊர்களில் படகோட்டிகளிடம் பேச்சுக் கொடுத்தால் கதைகளுக்குப் பஞ்சமிராது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு முதலிய ஊர்களில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. மீனவர்கள் அவற்றுட் பலவற்றைப் படகிற் கட்டி இழுத்துச் சென்று ஆழக்கடலில் விட்டனர்; விட்டவற்றுட் சில மீண்டும் கரைக்கே வந்து சேர்ந்தன. 1973-லும் அதே கரையில் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. பாக் நீரிணையில் வலையில் அகப்படும் கடற்பசுவை உயிருடன் விடுவிக்கும் மீனவரும் இன்று உளர். அங்கு 2022-இல் அரசு கடற்பசுப் பாதுகாப்பகம் ஒன்றை அறிவித்தது.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தாருக்கு இத்தகைய அனுபவம் ஏது என்று கேட்கலாம். காவிரிக்குத் திமிங்கிலம் வாராது என்பது உண்மையே. கங்கையில் படகோட்டிகளுக்குத் துணைவரும் ஆற்று ஓங்கிலும் (அதனை 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக மத்திய அரசு அறிவித்தது) இங்கு இல்லை. ஆயினும், பரிசலில் ஏறி ஒரு நாழிகை பேசாதிருப்பவர்க்கு நம் ஆறும் தன் குடிகளைக் காட்டவே செய்கிறது. அவற்றுள் இரண்டைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்: ஒன்று நீர்நாய், மற்றொன்று முதலை.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட தீவில் ஸ்ரீரங்கம் அமைந்துள்ளது. 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டத் தொடங்கியது முதல் பாசன நீர் காவிரி வழியாகவும், மிகுதி வெள்ளம் கொள்ளிடம் வழியாகவும் செல்லுமாறு ஏற்பாடு நிலைபெற்றது. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி கொள்ளிடம் மணலும் நாணலுமாகவே கிடக்கும். ஆங்காங்கே மடுக்களில் மட்டும் நீர் தங்கும். நீர்வாழ் உயிர்கள் ஒண்டியிருப்பது இம்மடுக்களில்தான்.

தை மாதத்து விடியற்காலை ஒன்றில் நாம் அத்தகைய மடுவொன்றில் பரிசலில் சென்றோம். பரிசல்காரர் முதியவர். மீன் பிடிப்பது அவருக்குத் தலைமுறைத் தொழில். சிறிது தூரம் சென்றதும், "துடுப்பைத் தட்டாதீர்கள், ஐயா, அதோ, குடும்பத்தோடு வருகிறது" என்றார். நீருக்கு மேலே பழுப்பு நிறத் தலைகள் ஐந்தாறு தெரிந்தன. அவை மூழ்குவதும் எழுவதும், கீச்சுக் குரலில் ஒன்றையொன்று அழைப்பதுமாகச் சென்றன. ஒன்று மீனைக் கவ்வி மணல்மேட்டில் ஏறியது. குட்டிகள் பின்தொடர்ந்து பங்கு கேட்டன. நாம் வியந்து பார்த்திருக்க, பரிசல்காரரோ பெருமூச்சு விட்டார். வலையைக் கடித்துக் கிழிப்பதும் இவையே என்பது அவர் மனக்குறை. அது பொய்யன்று. நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவு மீன் தின்னும் பிராணிக்கு வலையிற் சிக்கிய மீன் எளிய இரையாகும். ஆனால் ஆற்றில் மீன் குறைந்ததற்கு நீர்நாயைக் குற்றஞ்சாட்டுவது சரியன்று. வெடி போட்டும் மின்சாரம் பாய்ச்சியும் குஞ்சுமுதல் யாவற்றையும் அழிப்போர் இருக்க, பழி இதன்மேல் விழுகிறது. வங்காள தேசத்தில் சுந்தரவனத்தை அடுத்த நரைல் பகுதி மீனவர்கள் நீர்நாய்களைப் பழக்கி, மீனை வலைக்குள் விரட்டுவதற்கே பயன்படுத்துகின்றனர் என்பதை அப்பெரியவரிடம் சொன்னோம். நம்பினாரா என்பது ஐயமே, சிரித்துக் கொண்டார்.

திரும்பும் வழியில் திட்டின் ஓரம் மரக்கட்டை ஒன்று கிடந்தது. பரிசல்காரர் பேசாமல் பரிசலை அகலமாக வளைத்தார். நாம் காரணம் கேட்குமுன் கட்டை நகர்ந்து, சலசலப்பு ஏதுமின்றி நீரில் இறங்கிவிட்டது. அது முதலை. அதன்பின் கரை சேரும்வரை பரிசலின் விளிம்பில் நாம் கை வைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

சித்திரைப் பௌர்ணமியன்று அம்மா மண்டபத்தில் நம்பெருமாள் கஜேந்திர மோட்சம் அருளும் வைபவத்தைக் கண்டு வளர்ந்த ஊராருக்கு முதலை புதியதன்று. எனினும் அதன் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. நம் ஆறுகளில் உள்ளது நன்னீர் முதலை. குளிர்காலக் காலைகளில் வெயில் காய மணலில் ஏறும். மாசி, பங்குனி மாதங்களில் தாய் முதலை கரைமணலில் குழி தோண்டி இருபத்தைந்து, முப்பது முட்டைகள் இடும். மணலின் சூடே குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. இரண்டு மாதத்திற்குப் பிறகு தாயே குழியைத் தோண்டிக் குஞ்சுகளை வாயிற் கவ்வி நீரில் விடுகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பே பெரும்பாலும் இவ்வேலை முடிந்துவிடும். மணலை அள்ளிய கரையில் முட்டையிட இடமேது? மடு தூர்ந்தால் முதலை எங்கே போகும்? அருகிலுள்ள ஓடைக்கும் ஊர்க் குளத்துக்கும்தான் போகும்.

வெள்ளமும் அதனை இடம்பெயர்க்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகளை அடித்துச் சென்ற பெருக்கை நினைவிற் கொண்டால் ஆற்றின் வேகம் விளங்கும். கீழ்க்கொள்ளிடத்தில், சிதம்பரம் வட்டாரக் கிராமங்களில் முதலை வாய்க்காலிலும் குளத்திலும் புகுந்து, குளிக்கச் சென்றோரும் புல்லறுக்கச் சென்றோரும் உயிரிழந்துள்ளனர். இத்துயரை இழந்தோரிடம் சட்டம் பேசுதல் எளிதன்று. ஆயினும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலையைக் கொல்லுதலும் பிடித்து அடைத்தலும் குற்றமாகும். அதனைக் கயிறு கட்டி இழுக்க முற்படுவது இழுப்போருக்கே ஆபத்து. கண்டவுடன் வனத்துறைக்குச் செய்தி அனுப்புவதே முறை.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தாக்குதல் பெரும்பாலும் நடப்பது ஆற்றின் நடுவிலன்று, முழங்கால் அளவு நீரிலும் கரையோரத்திலும்தான். கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் ஆற்றங்கரையில் கொட்டுவது முதலைக்கு விருந்து வைப்பதாகும். இதனை உடனே நிறுத்தலாம். படித்துறையைச் சுற்றிப் புதர் மண்டவிடலாகாது. அந்தி சாய்ந்தபின் மாடு கழுவவோ, துணி துவைக்கவோ மடுவில் இறங்க வேண்டா என்பதைத் தண்டோரா போட்டேனும் சொல்லலாம். எச்சரிக்கைப் பலகை வைப்பதோடு கடமை முடிந்தது என்று சில ஊர்களில் எண்ணுகின்றனர். எழுத்து அழிந்த பலகைகளையும் நாம் கண்டிருக்கிறோம்.

இலங்கையில் மாத்தறையை ஒட்டிய நில்வள கங்கைக் கரையூர்களில் வேறொரு வழக்கம் உண்டு. குளிக்கும் துறையைச் சுற்றி நீருக்குள் கம்புகளை நெருக்கமாக நட்டு வேலி அமைத்து, அதனுள்ளே குளிக்கின்றனர். நம் பக்கத்தில் மூங்கிலுக்கும் ஆளுக்கும் குறைவில்லை. மணற்பாங்கான படுகையாதலால் வெள்ளத்தில் வேலி போய்விடும். ஒவ்வோராண்டும் வடிந்தபின் மீண்டும் நட வேண்டியிருக்கும். ஊருக்கு ஒரு துறை எனத் தேர்ந்து, பெண்களும் பிள்ளைகளும் இறங்கும் இடத்தை முதலில் எடுத்துக்கொண்டால் செலவு ஒரு பஞ்சாயத்துக்குத் தாங்கக்கூடியதே.