தேனிலவுக்கு எங்கே தங்குவது?

ஓலை மூன்றும் வாசித்து முடிந்து, திருமண நாளும் நெருங்கிவிட்ட இல்லங்களில் இக்காலத்தில் புதியதொரு வினா எழுகின்றது. பந்தலைப் பற்றியும் விருந்தைப் பற்றியும் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, மணமக்கள் இருவரும் "எங்கே போவது? எங்கே தங்குவது?" என்று ஆலோசிக்கின்றனர். முன்னாளில் மறுவீட்டு விருந்தோடு முடிந்துபோன புதுமணப் பயணம், இன்று தேனிலவு என்னும் பெயரோடு குமரிமுனை, கோவளம், ஆலப்புழை, கொச்சி என நீண்டு செல்கின்றது.

இதைக் கண்டு பெரியவர்கள் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. புதிதாக மணமுடித்தவன் ஓராண்டுக் காலம் போருக்குச் செல்லாமலும் பொதுப்பணி எதையும் சுமக்காமலும் வீட்டிலிருந்து தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்று மோயீசனின் சட்டமே விதித்திருக்கின்றது. ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத் தனிமையும் ஓய்வும் வேண்டும் என்பதை அக்காலத்து மக்களும் உணர்ந்திருந்தனர். ஆனால் அந்தத் தனிமையும் ஓய்வும் பயணத்தில் கிட்டுமா என்பதைப் பார்க்கும் ஊர்களின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. எந்த ஊரில், எத்தனை இரவு தங்குகின்றோம் என்பதே முடிவு செய்கின்றது.

ஆறு நாளில் ஐந்து ஊரா?

எட்டயபுரத்துப் பக்கத்து இளைஞர் ஒருவர் தம் பயணத் திட்டத்தை ஒருமுறை என்னிடம் காட்டினார். ஆறு நாள், ஐந்து இரவு, ஐந்து ஊர். மணப்பாட்டில் ஓர் இரவு, குமரியில் ஓர் இரவு, கோவளத்தில் ஓர் இரவு, ஆலப்புழையில் ஓர் இரவு, கொச்சியில் ஓர் இரவு. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். விடுதிகளில் பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகே அறையைத் தருவார்கள். மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ திரும்பக் கேட்பார்கள். பெட்டியைக் கட்டுவது, வண்டி பிடிப்பது, புதிய ஊரில் விடுதியைத் தேடுவது, வரவேற்பு மேசையில் காத்திருப்பது என்று ஒவ்வொரு மாற்றமும் அரை நாளை விழுங்கிவிடும். ஐந்து விடுதி என்றால் நான்கு மாற்றம். ஆறு நாளில் இரண்டு நாள் முழுவதும் இவ்வாறே கழியும். களைத்துப்போன இருவர் முதன்முதலாகச் சச்சரவிடுவது பெரும்பாலும் இத்தகைய வேளைகளில்தான் அன்றோ?

இதே ஊர்களை இரண்டே விடுதிகளில் தங்கிப் பார்த்துவிடலாம். எட்டயபுரத்திலிருந்து காலையில் வாடகைக் காரில் புறப்பட்டால் தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கடற்கரைச் சாலையில் மணப்பாட்டை நண்பகலுக்கு முன் அடையலாம். மணல்மேட்டின் மீதுள்ள திருச்சிலுவை ஆலயத்தையும், புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகையையும் கண்டு, உவரியில் அந்தோணியாரை வணங்கி, பொழுது சாயுமுன் குமரி சேரலாம். அங்கே இரண்டு இரவு. பிறகு திருவனந்தபுரம் வழியாக ஆலப்புழை. கோவளத்தை வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆலப்புழையில் மூன்று இரவு. அங்கிருந்து கொச்சி ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலையில் சென்று மாலையில் திரும்பலாம். ஆலப்புழையிலிருந்து ஊர் திரும்ப நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி வழியாக மதுரைக்குச் செல்லும் குருவாயூர்–சென்னை இரயிலும் உண்டு.

குமரியில் ஏன் இரண்டு இரவு?

குமரிமுனைக்குச் செல்வோர் கதிரவன் கடலில் எழுவதையும் கடலில் மறைவதையும் காணவே செல்கின்றனர். ஓரிரவு மட்டும் தங்கினால் ஒரு மாலை, ஒரு காலை. அன்று மேகம் மூடிவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். குளிர்கால மாதங்களில் முனையிலிருந்தே மறைவைக் காண முடியும். கோடையில் மேற்கே சற்றுத் தொலைவு செல்ல வேண்டும். 1970-ல் எழுந்த விவேகானந்தர் பாறை நினைவிடத்திற்கும், 2000-ல் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கும் படகில்தான் செல்ல வேண்டும். அவ்விரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கடல் சீறினால் படகு ஓடாது. கூட்டம் மிகுந்தால் வரிசை நீளும். இரண்டாம் நாள் கையிலிருந்தால் பதற்றமில்லை.

அறை எடுக்கும்போது கிழக்கு நோக்கிய அறையைக் கேளுங்கள். பல விடுதிகளில் மாடியிலிருந்தே கதிரவன் எழுவதைப் பார்க்கலாம். கார்த்திகை முதல் தை வரை சபரிமலை அன்பர்கள் பெருந்திரளாகக் குமரிக்கு வருவார்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய விடுதிகளில் அப்போது இரவெல்லாம் இரைச்சல்தான். முனையை விட்டுச் சற்று விலகிய விடுதியே அக்காலத்திற்கு ஏற்றது.

இங்கு இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். கோவளம் என்னும் பெயரில் மூன்று ஊர்கள் உள்ளன. திருவனந்தபுரத்தை அடுத்துள்ள பெயர்பெற்ற கடற்கரை ஒன்று. குமரிக்கு மேற்கே உள்ள மீனவர் ஊர் ஒன்று. சென்னைக்குத் தெற்கே உள்ளது ஒன்று. கைப்பேசியில் விரலால் தட்டி முன்பணம் கட்டுவோர் எந்தக் கோவளம் என்று மாவட்டத்தையும் பார்த்துவிட்டுக் கட்டுவது நலம்.

படகு வீடும் கரை வீடும்

ஆலப்புழை என்றாலே படகு வீடுதான் நினைவுக்கு வருகின்றது. முற்காலத்தில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்களின் வழிவந்தவை இவை. நண்பகலில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை ஒன்பது மணியளவில் இறக்கிவிடுவார்கள். மாலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்குப் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு ஏரி வலை விரிக்கும் மீனவர்களுக்குரியது. கடலோர மக்களாகிய நமக்கு அந்த ஒழுங்கின் நியாயம் சொல்லாமலே விளங்கும். ஆகவே படகில் ஓடும் நேரம் ஐந்தாறு மணி மட்டுமே என்பதை அறிந்து பணம் கட்டுங்கள். பல படகுகளில் குளிர்சாதனம் இரவில் மட்டுமே இயங்கும். உரிமம் உண்டா, மிதவைச் சட்டை உண்டா என்றும் கேட்டறியுங்கள்.

ஓர் இரவு படகில், இரண்டு இரவு கரையில் என்பது நல்ல பங்கீடு. செலவுக்கு அஞ்சுவோர் மூன்று இரவும் கரையிலேயே தங்கி, கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகில் சாதாரணக் கட்டணத்தில் கோட்டயம் வரை சென்று வரலாம். அதே காயல், அதே தென்னை, அதே வயல். கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த நிலத்தில் நெல் விளையும் குட்டநாட்டைப் பகல் வெளிச்சத்தில் நன்றாகவும் பார்க்கலாம்.

பருவமும் கடலும்

தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம் பங்குகளில் பொதுவாகத் திருமணங்கள் நடைபெறுவதில்லை. எனவே தை, மாசித் தொடக்கத்திலும், உயிர்ப்பு விழாவுக்குப் பின் சித்திரை, வைகாசியிலுமே மிகுதியாக நடக்கின்றன. தை மாதப் பயணத்திற்கு வானிலை துணை நிற்கும். வைகாசியில் புறப்படுவோர் ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் என்பதை மறக்கலாகாது.

சித்திரை, வைகாசியில் மற்றோர் இடரும் உண்டு. இங்கே காற்றே இல்லாதபோதும் தொலைதூரத் தென்கடலில் எழும் புயலால் பேரலை திடீரெனக் கரையேறும். கேரள மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிர் நீத்தனர். கடலுக்கு மிக அருகில் தங்குவதைவிட, எச்சரிக்கை வரும் நாளில் "இன்று இறங்காதீர்கள்" என்று சொல்லும் விடுதிக்காரரிடம் தங்குவதே மேல்.

சித்தி வீடு இருக்க விடுதி எதற்கு?

இனி, நம் குடும்பங்களில் எழும் பெருஞ்சிக்கலுக்கு வருவோம். "நாகர்கோவிலில் சித்தி வீடு இருக்கின்றது, திருவனந்தபுரத்தில் பெரியப்பா வீடு இருக்கின்றது, அங்கே தங்காமல் லாட்ஜில் தங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். இதில் அன்பும் உண்டு, சிக்கனமும் உண்டு. ஆயினும் அந்த இரவு எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். மணமகன் கூடத்தில் ஆண்களோடு அமர்ந்திருப்பார். மணமகள் நேற்றுவரை முகம் அறியாத அத்தைமாருக்கு நடுவே அடுக்களையில் நின்றுகொண்டிருப்பாள். இருவரும் ஒரு வார்த்தை தனியாகப் பேச நள்ளிரவு ஆகிவிடும்.

உறவினரைப் புறக்கணிக்க வேண்டாம். அவர்கள் வீட்டில் நண்பகல் விருந்துண்டு, ஆசி பெற்று, மாலையில் விடைபெறுங்கள். இதை மணமக்கள் சொன்னால் வருத்தம் வரும். பெற்றோரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வராது. மகனுக்கும் மருமகளுக்கும் மாமியார் அளிக்கத்தக்க சிறந்த திருமணப் பரிசுகளுள் இதுவும் ஒன்று.

அவளைக் கேட்டீர்களா?

மேற்சொன்ன அத்தனைக்கும் முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த இளைஞரிடம், "உன் வருங்கால மனைவிக்கு இந்தத் திட்டம் பிடித்திருக்கின்றதா?" என்று வினவினேன். "அவளிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும், சாமி" என்றார். பெண்ணோ மீனவர் குடும்பத்துப் பெண்! எட்டயபுரத்துக் கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் புதுமை. ஆனால் கடற்கரையில் பிறந்தவளுக்கு அதே கடல், தந்தையை அனுப்பிவிட்டு அவர் திரும்பும்வரை காத்திருந்த இடம். அவள் மலையை விரும்பலாம். குளிரையும் மூடுபனியையும் காண ஆசைப்படலாம்.

அவ்வாறாயின் இரண்டு தங்குமிடங்களுள் ஒன்றை அவர் விருப்பப்படி கடலோரத்திலும், மற்றதை அவள் விருப்பப்படி மலையிலும் அமைக்கலாமே! குமரியில் இரண்டு இரவு, பிறகு மதுரை வழியாகக் கோடைக்கானலில் மூன்று இரவு. 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு வண்டியில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்பதை நினைவிற்கொள்க. இருவர் விருப்பத்திற்கும் இடமளிப்பதை இந்த ஆறு நாளில் கற்றவர்கள், வீடு கட்டும்போதும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும்போதும் அதை மறக்கமாட்டார்கள்.

மாலத்தீவு ஆசை

தூத்துக்குடியிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தோணிகள் சரக்கேற்றிச் சென்ற மாலத்தீவுக்கு, இன்று தேனிலவு செல்ல விரும்பும் இளைஞரும் உள்ளனர். அங்கே பெரிய விடுதிகள் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒன்றாக அமைந்திருப்பதால், விடுதியை மாற்றுவது தீவையே மாற்றுவதாகும். விரைவுப் படகுக்கோ கடல் விமானத்திற்கோ தனிக் கட்டணம் உண்டு. கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் தலைநகரில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். ஆகவே அங்கும் ஊர் மாற்றம் குறைவாக இருப்பதே அறிவுடைமை. கடன் வாங்கித்தான் செல்ல முடியும் என்றால் செல்லவே வேண்டாம். ஆறு நாள் இன்பத்திற்கு மூன்றாண்டு தவணை கட்டும் வீட்டில், முதல் குழந்தைக்கு வாங்கும் பால் மாவும் கணக்குப் பார்த்தே வாங்கப்படும்.

புறப்படுமுன்

விடுதிக்கு முன்பணம் அனுப்புமுன் தொலைபேசியில் நேரே பேசி நான்கு செய்திகளைக் கேளுங்கள். அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும், எத்தனை மணிக்கு விட வேண்டும்? வரிகளைச் சேர்த்து மொத்தம் எவ்வளவு? வர இயலாமற்போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் உணவு கிடைக்குமா? இருவருடைய ஆதார் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இருவரிடமும் அடையாளச் சான்று கேட்பார்கள். பயணப் பணத்தில் ஒரு பகுதி மனைவியின் கையிலும் இருக்கட்டும்.

திரும்பி வரும் நாளையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேலைக்குச் செல்ல வேண்டியவர் ஞாயிறு நள்ளிரவில் வந்து சேர்ந்தால் பெற்ற ஓய்வெல்லாம் பாழாகும். சனிக்கிழமை மாலைக்குள் வீடு வந்துவிட்டால், ஞாயிறு காலையில் கணவனும் மனைவியுமாகச் சொந்தப் பங்கு ஆலயத்தில் திருப்பலி காணலாம். அதற்குப் பிறகு சித்தியும் பெரியப்பாவும் எத்தனை விருந்து வைத்தாலும் மகிழ்ச்சியோடு போய் உண்ணலாம்.