வெள்ளைக்கழிச்சல்: கோழி தெம்பாக இருக்கும்போதே ஊசி!

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி பக்கம் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போருக்குப் பெரிய பயம், வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், சில நாளில் கூண்டே காலியாகிவிடும். அவசரச் செலவுக்கென்று வளர்த்த கோழி அத்தனையும் போச்சு! இது வைரஸ் நோய். வந்தபின் மருந்தில்லை.

குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா விடுங்கள். 8-ம் வாரம் இறக்கையடித் தோலுக்குள் அரை மில்லி ஊசி. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் முகாமில் இது இலவசம். சீக்குக் கோழிக்குப் போடக் கூடாது. மருந்தை ஐஸில் வைத்து, கலக்கிய 2 மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள்.

சந்தையில் வாங்கியதை 2 வாரம் தனியே அடையுங்கள். செத்ததை ஓடையில் வீசினால் அடுத்த தெருவுக்கும் பரவும். ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சந்தேகமா? மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியில் கேளுங்கள்.